லிமிட்டுக்கு வெளியே இருந்த ஏர் வால்வு

குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் ஒருத்தி என் மகள். அவள்தான், "அப்பா, எங்ககூட சேர்ந்தவங்க எல்லாம் உங்க காலத்துல எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க. எழுதிக் குடுங்களேன்" என்று நச்சரித்தாள். நான் படித்தது பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில். எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரிதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாயை எப்படி இணைப்பது, வால்வை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது கை பழகினால் வந்துவிடும். நான் எழுத நினைப்பது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. லிமிட்.

நீங்கள் வேலைக்கு வரும்போது தாம்பரமும் சுற்று வட்டாரமும் ஒரே மாநகராட்சி ஆகிவிட்டன. உங்கள் ஆபீஸ் சுவரில் ஒரே வரைபடம் தொங்குகிறது. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்தப் பத்து வருடங்களில் அப்படியில்லை. இங்கே ஒரு நகராட்சி, ஒட்டினாற்போல் பேரூராட்சி, அதற்கு அப்பால் ஊராட்சிகள். ஒரே தெருவில் கிழக்குப் பக்க வீடுகள் ஒரு லிமிட், மேற்குப் பக்க வீடுகள் இன்னொரு லிமிட். கிழக்கே தெரு விளக்கு எரியும், மேற்கே குப்பை வண்டி வரும். எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று நான் பேர் எழுதவில்லை. அதில் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்.

லிமிட் என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு செத்த எருமை. பெருங்களத்தூருக்கு உள்ளே தள்ளி ஒரு ரோட்டில், சரியாக எல்லைக்கல்லுக்கு நேராக அது விழுந்து கிடந்தது. இரண்டு பக்கத்துத் துப்புரவு மேஸ்திரிகளும் வந்தார்கள்.

"தலை உங்க பக்கம் கீது. நீங்கதான் எடுக்கணும்" என்றார் ஒருவர்.

"வாலு உங்க பக்கம்தானே? புடிச்சு இழுக்க அதான் வசதி" என்றார் மற்றவர்.

அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் எருமை முழுசாக எங்கள் லிமிட்டில் கிடந்தது. அதற்கடுத்த நாள் முழுசாக அவர்கள் லிமிட்டில். உயிரோடு இருந்தபோதுகூட அது அத்தனை தடவை ரோட்டைக் கடந்திருக்காது. கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரர் நாற்றம் தாங்காமல் சொந்தக் காசில் வண்டி பிடித்து எடுத்துப்போட்டார். அவருக்கு எந்த லிமிட் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியது அந்த வறட்சி வருடத்தில்தான்.

அந்த வருடம் ஏரிகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. எங்கள் நகராட்சிக்குத் தண்ணீர் தெற்கே ஒரு கிராமத்து ஏரிக்குள் தோண்டிய கிணற்றிலிருந்து வந்தது. அங்கிருந்து கிளம்பும் பெரிய பைப் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் இன்னோர் ஊராட்சியைக் கடக்க வேண்டும். அந்த ஊராட்சியில் ரோடு ஏறி இறங்கும் மேட்டில் ஒரு தெரு. மேட்டுத் தெரு என்றே பேர். அடியில் பாறை. எங்கே போர் போட்டாலும் புகைதான் வரும், தண்ணீர் வராது.

பைப் மேட்டில் ஏறும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். அந்தக் காற்றை வெளியே விட அங்கே ஒரு ஏர் வால்வு வைப்பார்கள். உள்ளே ஒரு பந்து இருக்கும். தண்ணீர் ஏறியதும் பந்து மேலே வந்து வாயை அடைத்துவிடும். பந்து தேய்ந்துவிட்டால் முழுசாக அடைக்காது, கசியும். எங்கள் பைப்பில் மேடு என்று இருந்தது அந்தத் தெரு மட்டும்தான், ஆகவே ஏர் வால்வும் அங்கேதான். தண்ணீரே இல்லாத தெருவில் எங்கள் தண்ணீர் கசிந்தது.

காலையில் ஏரியில் மோட்டார் போட்டதும் அந்த வால்வுத் தொட்டிக்குள் உஸ் என்று ஒரு சத்தம் கிளம்பும். தெருப் பெண்கள், "மூச்சு வந்துடுச்சு" என்பார்கள். அதற்கு முன்னாலேயே குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர்கள் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கல்லுக்கும் குடத்துக்கும் ஒரே மரியாதை. கசிகிற இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, அதன் வழியாகத் தண்ணீர் பிடிப்பார்கள். தெருவில் யாராவது மாசமாக இருந்தாலோ படுக்கையில் இருந்தாலோ அந்த வீட்டுக் குடம் முன்னால் வரும். வெளித் தெருக்காரர்களுக்குக் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த பிட்டர்கள் காலத்திலிருந்தே அந்தப் பந்தை யாரும் மாற்றியதில்லை. மாற்றச் சொல்லி மேலிருந்து யாரும் கேட்டதும் இல்லை.

வரிசையை நடத்தியது மும்தாஜ் அக்கா. மெலிந்த உடம்பு, தூக்கிச் செருகிய புடவை, கணீரென்ற குரல். அவரும் அவர் வீட்டுக்காரர் காதர் பாயும் இடியாப்பம் வியாபாரம். அக்கா விடியும்போதே பிழிந்து அவித்துவிடுவார். பாய் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, லிமிட்டைத் தாண்டி வந்து எங்கள் நகராட்சிக் காலனிகளில் விற்பார். நான் வால்வைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

"உங்க தண்ணிய எடுத்துக்கினு சும்மா இல்ல பிட்டரே. அதையே இடியாப்பமா உங்களுக்குத் திருப்பி அனுப்பிகினுதான் கீறோம். கணக்கு நேராயிடுச்சு."

ஒரு தடவை குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அடுத்த குடத்துப் பெண் வர நேரமானது. தண்ணீர் மண்ணில் போனது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு ஆசை பிட்டரே. ஒரே ஒரு குழாய் வேணும். தண்ணி வர்றதுக்கு இல்ல, அது எப்படியோ வந்துடுது. மூடறதுக்கு. குடம் ரொம்பினதும் என் கையால மூடணும். மூடினா நிக்கணும். இத பாரு, நம்ம இஷ்டத்துக்கா வருது, நம்ம இஷ்டத்துக்கா நிக்குது?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு குழாய்க்கு வாஷர் மாற்றும்போதெல்லாம் அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

இப்போது பைப்பின் இந்த முனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் எங்கள் மேல்நிலைத் தொட்டி நிறையவே இல்லை. வருகிற தண்ணீரை அப்படியே தெருக்களுக்குத் திறந்துவிடுவோம். அது கடைசியாக வந்து சேரும் காலனியில்தான் எங்கள் வீடும் இருந்தது. அழுத்தம் இல்லாததால் வீட்டுக்கு வீடு வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி வைத்திருந்தோம். பள்ளத்தில் இறங்கிக் குனிந்து பிடிக்க வேண்டும். அப்படியும் நூல் மாதிரிதான் வரும். என் மனைவி பள்ளத்துக்குள்ளிருந்தே என்னைக் கேட்பாள்:

"ஊருக்கெல்லாம் தண்ணி திறந்து விடற பிட்டர் வீட்ல, குழாய் ஏங்க சளி புடிச்ச மூக்கு மாதிரி ஒழுகுது?"

என் மகளுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் அவளும் அந்தப் பள்ளத்தில் இறங்கியவள்தான்.

காலனியின் நலச்சங்கத் தலைவர் ராமநாதன் சார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். ஒருநாள் வண்டலூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது மேட்டுத் தெருவில் டியூபும் குடங்களுமாக இருந்த காட்சியைப் பார்த்துவிட்டார். மறுநாள் சங்கத்தாரோடு ஆபீஸுக்கு வந்தார்.

"யாரும் தண்ணி குடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல பிட்டர். எங்க தெருவுல மாடிக்கு பக்கெட் தூக்க முடியாத வயசானவங்க எத்தனை பேர். நாங்க வரி கட்டி வர்ற தண்ணி, வர்ற வழியிலேயே வேற பஞ்சாயத்துல நின்னுடுது. அது நம்ம லிமிட்டே இல்லையே."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் சங்கடம்.

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு உதவிப் பொறியாளர் வந்திருந்தார். என்னைவிட ரொம்பச் சின்ன வயது. நாங்கள் மேடம் என்போம். பேரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கசிவை நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவும் வந்துவிட்டது. மேடம் என்னைக் கூப்பிட்டு, "வாங்க, போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

நாங்கள் போவதற்குள் செய்தி போய்விட்டது. வால்வுத் தொட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரும்பு மூடியின் மேல் மும்தாஜ் அக்கா. அந்த ஊராட்சித் தலைவர் தன் மொபெட்டை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். பின்னாலேயே இரண்டு ஆட்டோவில் எங்கள் காலனிக்காரர்களும் வந்து இறங்கினார்கள், ராமநாதன் சார் உட்பட.

"பைப்பு உங்களுது மேடம், ஒத்துக்கறேன்" என்றார் தலைவர். "ரோடு யாருது? எங்களுது. பைப்பு போட வந்தப்போ, ஊருக்கு ஒரு குழாய் தர்றோம்னு அப்போ இருந்த தலைவர்கிட்ட வாயால சொல்லிட்டுப் போனாங்க. வாயால சொன்னது வாயோட போயிடுச்சு. நீங்க இத மூடினா, நான் ரோட்டத் தோண்டறேன். எங்க லிமிட்ல எங்க ரோட்ட நாங்க தோண்டறதுக்கு யாரக் கேக்கணும்?"

காலனிக்காரர்களில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். இந்தப் பக்கமும் எழுந்தார்கள். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத மூடிட்டா எனக்குக் கடை இல்ல பிட்டரே. கோவளத்துல எங்க அண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். அந்தத் தெருவுல எனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டாங்க. ஆனா அது அண்ணன் வூடு. இது என் வூடு."

நான் மேடத்தைப் பார்த்தேன். போலீஸுக்குப் போன் போடுவார் என்று நினைத்தேன். மூடாமல் திரும்பிவிடலாம் என்று சொல்வார் என்றும் நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. ஒரு குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தொட்டிச் சுவரில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே பேசினார்.

"நாளைக்கு ஒருவேளை மட்டும் மூடறேன். மூடியிருக்கிற நேரத்துல இந்தத் தெருக்காரங்க காலனியில இருக்கணும். காலனிக்காரங்க இங்க இருக்கணும்."

"நாங்க எதுக்கும்மா இங்க?" என்றார் ராமநாதன் சார்.

"மூடியிருக்கா இல்லையான்னு பார்க்கத்தான் சார். எங்க பேச்சை நம்பித்தானே இத்தனை நாள் ஏமாந்தீங்க."

"நாங்க எதுக்கு அங்க?" என்றார் தலைவர்.

"இங்க மூடறதால அங்க ஒண்ணும் கூடலன்னா, உங்க ஆளே வந்து சொல்லட்டும். அந்த நிமிஷமே திறந்துடறேன். இனிமே இந்த வால்வைத் தொடவும் மாட்டேன்."

தலைவர் யோசித்தார். காலனியில் தண்ணீர் அதிகமாகாது என்றுதான் அவர் நம்பினார். சொல்லப்போனால் நானும் நிச்சயமாகச் சொல்ல முடியாத நிலையில்தான் இருந்தேன். "எங்க சார்புல மும்தாஜ் போவட்டும்" என்றார். "அதுக்கு வாய் ஜாஸ்தி. ஏமாத்த முடியாது."

மறுநாள் காலை அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் எங்கள் காலனிக்கு வந்தார்கள். தெரு வால்வைத் திறக்க என்னை அங்கே அனுப்பியிருந்தார் மேடம். மேட்டில் அவரே நின்றுகொண்டார். எந்த வீட்டுக் குழாயைப் பார்ப்பது என்று கேள்வி வந்தபோது, என் மனைவி, "எங்க வீட்டுதையே பாருங்க. கடைசி வீடு அதான்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா பிட்டரே இது, குழாயப் பொதைச்சு வெச்சுகினு கீறீங்க?"

"பொதைச்சாத்தான் அழுவுதுக்கா" என்றாள் என் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி என் மனைவியின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். குழாய் நூலாக வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நூல் தடித்தது. பிறகு சுண்டுவிரல் அளவுக்கு வந்தது. குடத்தின் அடியில் சத்தம் மாறியது. எங்கள் தெருவே அந்தச் சத்தத்தை மறந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து, "இங்க நல்லா வருது, இங்க நல்லா வருது" என்று ஒரு குரல் வந்தது.

என் மனைவிக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்காவைப் பார்க்காமல் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காதான் அதட்டினார். "இன்னா பாத்துகினு கீற? குடம் ரொம்பப் போவுது பாரு. அடுத்த குடத்த எடு. அத அந்தாண்ட வை." எங்கள் வீட்டு வரிசையையும் அவரே நடத்தினார்.

எல்லாக் குடமும் நிறைந்த பிறகு, "நான் ஒருவாட்டி மூடிப் பாக்கட்டா?" என்று கேட்டார். என் மனைவி நகர்ந்துகொண்டாள். அக்கா குழாயைத் திருகினார். நின்றது. திறந்தார். வந்தது. மறுபடி திருகினார். கையைக் குழாயின் வாய்க்குக் கீழே நீட்டி, சொட்டு விழுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேலே ஏறி வந்துவிட்டார்.

மேட்டில் நடந்ததை ராமநாதன் சார் பிறகு சொன்னார். "மூச்சே வரல பிட்டர். வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா ஒருத்தர்கூட குடத்தை எடுக்கல. வரிசையிலேயே விட்டு வெச்சுட்டு எங்க மூஞ்சியப் பார்த்துட்டு நின்னாங்க. நான் அத்தனை வருஷம் வகுப்பு எடுத்திருக்கேன். அப்படி ஒரு அமைதிய பார்த்ததில்ல."

அக்காவைக் கூட்டிக்கொண்டு நான் திரும்பிப் போனபோது இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். தலைவர்தான் கேட்டார், "இன்னா மும்தாஜ், கூடல இல்ல?"

அந்த ஒரு கேள்விக்கு அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் மறுத்துப் பேசியிருந்தால்கூட, நகராட்சி ஆள் அப்படித்தான் சொல்வான் என்றிருப்பார்கள். அவருடைய அடுப்பு, வீடு எல்லாம் அந்தப் பதிலில்தான் இருந்தது.

"கூடுது தலைவரே" என்றார் அக்கா.

"நீ எந்த ஊர் பொம்பள?" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாத்தத சொன்னேன். அங்கயும் பொம்பளைங்கதான் புடிக்குது. பள்ளத்துல எறங்கிப் புடிக்குது."

யாரும் கை தட்டவில்லை. ராமநாதன் சார்தான் முதலில் பேசினார். "எங்க தெருவுக்கு வர்ற லாரித் தண்ணில ஒரு நடையக் குறைச்சு இங்க விடுங்க. நிரந்தரமா ஒரு குழாய் வர்ற வரைக்கும்." தலைவரும் சரி என்றார். மேடம் எல்லோர் முன்னிலையிலும், "குழாய்க்கு ரெண்டு ஆபீஸ்லயும் தீர்மானம் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்றார். நான் புதுப் பந்தை மாட்டினேன். கசிவு நின்றது.

பிள்ளைகளே, அன்றைக்கு அந்த ரோட்டில் மேடம் செய்ததைப் போல ஒரு முடிவை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. இரண்டு கூட்டம் மோதிக்கொள்ளும்போது யார் பக்கம் நியாயம் என்று அவர் தேடவில்லை. ஒருவர் இடத்தில் ஒருவரை உட்கார வைத்தார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆனால் இந்தக் கதை அங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

லாரி ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒழுங்காகப் போனது. பிறகு, லிமிட்டுக்கு வெளியே போகிற லாரிக்கு எந்தக் கணக்கில் டீசல் போடுவது என்று மேலே ஒருவர் கேட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது, முடிந்தபோது என்று ஆனது. பண்டிகைக்குச் சொந்த ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரை அடைத்துக்கொண்ட நாட்களில் அதுவும் இல்லை. குழாய்க்கான தீர்மானமும் நகரவில்லை. இரண்டு ஆபீஸுக்கும் மறுப்பு எதுவும் கிடையாது. யார் முதலில் கேட்பது என்பதுதான் தகராறு. நம் ரோட்டில் போகிற பைப்பில் குழாய் கொடுங்கள் என்று நாம் போய்க் கேட்பதா என்றது ஊராட்சி. தண்ணீர் வேண்டியவர்கள் கேட்கட்டும் என்றது எங்கள் ஆபீஸ். மேடம் இரண்டு ஆபீஸ் படிகளையும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காதர் பாயின் சைக்கிள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். தூக்குப் பாத்திரத்தில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் இருந்தன.

"கோவளம் கெளம்பறோம்" என்றார் என் மனைவியிடம். "அங்க தண்ணிக்கு இன்னா பஞ்சம், கடலே கீது." அவரே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "குழாய் வந்தா சொல்லி அனுப்பு பிட்டரே. வந்து ஒருவாட்டி மூடிட்டுப் போறேன்" என்றார்.

இதை மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் சொன்னார்: "ரெண்டு பக்கத்தையும் பார்க்க வெச்சேன் அண்ணா. பார்த்ததுக்கு அப்புறம் காத்திருக்கப் போறது யாரு, அவங்களால எவ்வளவு நாள் முடியும்னு கேக்கலையே. அதை அந்த ரோட்டுலயே கேட்டிருக்கணும்." கொஞ்ச நாளில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனது. போகும்போதும் அந்தக் குழாயைப் பற்றித்தான் புதிதாக வந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

குழாய் எப்படி வந்தது தெரியுமா? மழையால் வந்தது. வறட்சிக்குப் பிறகு ஒரு வருடம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. தண்ணீருக்காக எங்கள் காலனியில் தோண்டிய பள்ளங்கள் எல்லாம் நிறைந்து, தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. அது வடிய வேண்டுமானால் அந்த ஊராட்சிக் கால்வாய் வழியாகத்தான் போக வேண்டும். அப்போது எங்கள் ஆபீஸ் முதலில் போய்க் கேட்டது. அதே தலைவர்தான் இருந்தார். "கால்வாயத் திறக்கறோம். அந்தக் குழாய்?" என்று மட்டும் கேட்டாராம். இரண்டு தீர்மானமும் ஒரே வாரத்தில் நிறைவேறின.

குழாயை நான்தான் மாட்டினேன். வால்வுத் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய வரிசை ஆரம்பிக்கும் இடத்தில். கோவளத்துக்குப் போகிற பஸ் கண்டக்டர் ஒருவர் மூலமாக அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். உடனே வரவில்லை. அங்கே அண்ணன் வீட்டில் என்ன வேலையோ. கொஞ்ச மாதம் கழித்து, மேட்டுத் தெருவில் பழைய பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தார். நான் அன்றைக்கு அங்கே வால்வு பார்க்கப் போயிருந்தேன்.

நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் குடம் இல்லை. நேராகக் குழாயிடம் போனார். வரிசையில் அந்தத் தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கு அக்காவைத் தெரியாது.

"அக்கா, லைன்ல வாங்க" என்றாள். "நீங்க எந்தத் தெரு?"

"கோவளம்மா."

"அப்ப உங்களுக்கு இங்க இல்லையேக்கா. இது எங்க தெருவுக்கு மட்டும்தான்."

வெளித் தெருவுக்குக் கிடையாது என்ற அந்தச் சட்டத்தைப் போட்டதே அக்காதான். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன், அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். வாயைச் சுளித்துக்கொண்டு சிரித்தார்.

"தண்ணி வாணாம் கண்ணு. கடைசில நிக்கறேன்."

போய்க் கடைசியில் நின்றார். குடமும் இல்லை, கல்லும் இல்லை. அவர்தான் அங்கே நின்றார். வெயில் ஏறியது. கல்யாண வீட்டிலிருந்து யாரோ வந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வரேன் போ" என்றார். வரிசை மெல்லக் குறைந்தது. கடைசியில் அந்தப் புதுப் பெண்ணும் தன் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "தோ, இப்ப நீங்க பாத்துக்குங்கக்கா" என்று நகர்ந்தாள்.

இப்போது நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஊராட்சியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. ஆனால் மகள் வீட்டுக்கு வந்து போனில் பேசுவதைக் கேட்கிறேன். "அது எங்க மண்டலம் இல்ல சார்" என்கிறாள். லிமிட் எங்கேயும் போகவில்லை, பேரை மாற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிச் சொல்ல நேரும்போதெல்லாம், சொல்லிவிட்டுப் போனை வைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்றைக்கு, வரிசை முடிந்ததும் அக்கா குழாயைத் திறந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திருகினார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினார். அடுத்த சொட்டு விழவில்லை. விழுமோ என்று கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.